ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

இந்த அறைக் கதவின் கீழ்க் கீல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதனால்தான் சாத்தும்போதெல்லாம் கதவு தரையை உரசுகிறது, காவலர் தோளால் இடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கீலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கொடுத்துத் திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும். குறை சொல்வதாக எண்ண வேண்டாம். கதவையும் சுவரையும் பார்த்தே பிழைப்பு நடத்தியவன் நான். கண் தானாக அங்கே போகிறது.

"உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க" என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. இன்னொருவர் எழுதி நான் கையெழுத்துப் போடுவது எனக்கு எப்போதுமே ஒத்துவராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது அங்கே இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு பக்கத்து ஆள். கட்டச் சொல்லும் முதலாளிக்குச் சீக்கிரம் முடிய வேண்டும். கட்டுகிற காண்ட்ராக்டருக்குச் செலவு கையைக் கடிக்கக் கூடாது. வீடு வாங்கியவர்களோ, சாவி கைக்கு வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த மூன்று பேருக்கும் நடுவில், யாருக்கும் வேண்டியவனாக இல்லாத ஒருவன் இருந்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒருவன் நான். சைட்டில் என்னை 'நடுவர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் சைட்டில் யார் கையாலும் டீ வாங்கிக் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோவேன். குடிதண்ணீரும் அப்படித்தான். என் மனைவி கிண்டல் செய்வாள். "அங்க ஒரு வாய் தண்ணி குடிச்சா கட்சி மாறிடுவீங்களோ? நல்லவேளை, காத்து எந்தக் கம்பெனியோடதுன்னு யாரும் எழுதி ஒட்டல. மூச்சு விடுறீங்க." நானும் சிரிப்பேன். ஆனால் பிளாஸ்கை மறந்ததில்லை.

விசில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் வருவதற்கு முன்பு இந்தச் சைட்டில் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்துவார்கள். முதலாளிக்குக் காண்ட்ராக்டர்மேல் கோபம் வந்தால் நிறுத்தச் சொல்வார். காண்ட்ராக்டருக்குப் பணம் வராவிட்டால் அவர் நிறுத்துவார். பாதியில் நின்ற கான்கிரீட் பாதியிலேயே இறுகிக் கிடக்கும். நான் ஒரு விதி கொண்டுவந்தேன். கலவை ஊற்றத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கே. அவர் கழுத்தில் ஒரு விசில் இருக்கும். அவர் ஊதினால்தான் பம்ப் நிற்கும். வேறு யார் கத்தினாலும், கையை ஆட்டினாலும், முதலாளியே வந்து நின்றாலும் நிற்காது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். விசில் என் கழுத்துக்கு வந்தது. கலவை ஊற்றும்போது நான் அதை ஒருமுறைகூட ஊதியதில்லை. ஊத வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொரு விதியும் என்னுடையதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டம் தொடங்கும்போது மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும்: "இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை." இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றதைக் கூட்டம் முடிவு செய்யும். முதலில் எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள். முதலாளி எழுந்து, "எனக்கு எல்லாமே இங்கதான் சார்" என்று சொல்லிச் சிரிப்பு மூட்டினார். போகப்போக அது பழகிவிட்டது. வீடு வாங்கியவர்களின் சார்பில் வரும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பதுபோல நிமிர்ந்து நின்று சொல்வார். கடைசியாக நான் சொல்வேன். நான் சொன்ன பிறகுதான் கூட்டம்.

ஒரு திங்கட்கிழமை, காண்ட்ராக்டரின் சர்வேயர் எழுந்து, "சார், எனக்கு உறவு உண்டு. என் கொழுந்தியா ஒரு வீடு புக் பண்ணியிருக்காங்க" என்றார். நல்ல மனிதர், வேலையில் புலி. டீச்சர் அம்மாவே, "சொல்லிட்டாருல்ல சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். முதலாளியும் தலையாட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று கொழுந்தியாள் என்று விட்டால் நாளைக்கு மாமனார் வருவார் என்றேன். என்னை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை, சர்வேயரை அனுப்பிவிட்டோம். அன்று மதியம் அவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நான் சரியாக நடந்துகொண்டேன் என்ற நிம்மதியும் இருந்தது.

இனி சின்னவனைப் பற்றி.

சின்னவன் என் மனைவியின் தம்பி. அவர்களுக்குத் தாயார் சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்தது அவள்தான். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவன் அரைக்கால் சட்டையோடு கூடவே வந்துவிட்டான். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது நான். கணக்கு சொல்லிக்கொடுத்ததும் நான்தான், ஆனால் அது ஏறவில்லை. வளர்ந்த பிறகு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. நல்ல வாய். எல்லோரோடும் ஒட்டிக்கொள்வான். எனக்கு அவன்மேல் பிரியம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது உண்மையல்ல.

அந்த வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டில் ஒரே குதூகலம். மனைவி பரிமாறும்போதே வாய் காதுவரை போயிருந்தது.

"நீயே சொல்லுடா" என்றாள் தம்பியிடம்.

"மாமா, நான் வேலைல சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. நெலச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். "உங்க சைட் முதலாளியோட ஆபீஸ்லதான். வீடு வாங்கினவங்களுக்கு பதில் சொல்ற வேலை. இப்ப உங்க சைட்டுக்கே போட்டுட்டாங்க. வேலை கேக்கறப்ப உங்க பேர நான் எடுக்கவே இல்ல மாமா, சத்தியமா. என் சொந்த முயற்சி."

கம்பெனிச் சட்டையைப் போட்டுக் காட்டினான். நீல நிறம், பையில் கட்டடத்தின் படம் தைத்திருந்தது. நான் பாதியிலேயே எழுந்து கை கழுவினேன்.

அவனைத் தனியே கூப்பிட்டு, வேலையை விட்டுவிடச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். திங்கட்கிழமை நான் எழுந்து நின்று என்ன சொல்வேன் என்று கேட்டேன்.

"இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க?" என்றான். "மச்சான் இங்க வேலை செய்றான்னு சொல்லிடுங்க. அவ்ளோதானே மாமா. எல்லாரையும் சொல்லச் சொல்றீங்கல்ல?"

அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான். சர்வேயர் ஹெல்மெட்டுக்குள் அழுததை அவன் பார்க்கவில்லை. நான் எழுந்து உறவு உண்டு என்று சொன்னால் அடுத்த நிமிடம் யாராவது, "அப்ப அந்த சர்வேயர்?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நினைப்பார்கள். நானாகவே வெளியேற வேண்டியதுதான். வெளியேறினால் டீச்சர் அம்மா போன்றவர்களை முதலாளி ஒரே வாரத்தில் விழுங்கி ஏப்பம் விடுவார். உறவு இல்லை என்று சொல்லலாமே என்றால், கூட்டத்தில் நான் பொய் சொன்னதில்லை. இந்தப் பக்கம் போனால் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். அவனை விலகச் சொல்லும்படி மனைவியிடம் கேட்டுப்பார்த்தேன்.

"இப்பதான் அவன் கால் ஊனியிருக்கான். நீங்க தட்டி விடாதீங்க" என்றாள். விளக்கை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன். வேலையில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். மாற்ற முடியாதது எது, மாற்றக்கூடியது எது என்று பிரிப்பேன். கூட்டத்தை மாற்ற முடியாது. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மாற்ற முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய கட்டடத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று, கார் நிறுத்தும் தளத்துக்கு அடியில் அகப்பட்டிருந்தது. நீளமான தொட்டி. வெற்றாக விட்டால் மேல்தளம் உட்கார்ந்துவிடும். அதனால் அதை நீர்த்த சிமெண்ட் கலவையால் நிரப்பி மூடுவது என்று முடிவாகியிருந்தது. வேலை சனிக்கிழமை. தொட்டிக்கு ஆள் இறங்குகிற வாய் இரண்டு. ஒன்று பம்ப் நிற்கும் பக்கம். இன்னொன்று மறுகோடியில், டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய தகரக் கொட்டகைக்குள். நிரப்புவதற்கு முன் உள்ளே பார்த்துப் படம் எடுத்துவைக்க வேண்டும். அதுவும் நான் வைத்த வழக்கம்தான்.

சனிக்கிழமை காலையில் சின்னவனைக் கொட்டகைக்கு வரச் சொன்னேன். நீலச் சட்டையில் வந்தான். முகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது, திட்டுவேன் என்று நினைத்திருப்பான். நான் திட்டவில்லை. "உள்ள அந்தக் கடைசிச் சுவர்ல விரிசல் இருக்கான்னு பாத்து ரெண்டு போட்டோ எடுத்துட்டு வா" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப கோபம் போயிடுச்சா மாமா?"

"இறங்கு. சட்டை அழுக்காகாம பாத்துக்க" என்றேன்.

ஏணியில் இறங்கினான். கைபேசியின் வெளிச்சம் உள்ளே போவது தெரிந்தது. நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். கலவை ஊற்றும் தொட்டியில் ஏணியை விட்டுவைக்கக் கூடாது என்பது சைட்டில் விதி. இரும்பு மூடியைப் போட்டேன். திறந்த குழியை மூடாமல் விடக் கூடாது என்பதும் விதிதான். மூடியின் மேல் டைல்ஸ் பெட்டிகளை நகர்த்தி வைத்தேன். அதற்கு மட்டும் விதி ஏதும் இல்லை. கை நடுங்கியதா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. பெட்டி கனமாக இருந்ததால் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் வலிக்கிறது.

பம்ப் பக்கம் மேஸ்திரி காத்திருந்தார். வயதானவர், ஊற்றத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"உள்ள யாரும் இல்லியே சார்?"

"இப்பதான் பாத்துட்டு வர்றேன். ஆரம்பிங்க" என்றேன்.

நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

பம்ப் ஓடத் தொடங்கியது. குழாய் வழியாகக் கலவை சரிந்து போனது. நீர்த்த கலவை, தண்ணீர்போல ஓடித் தானே மட்டமாகும். நல்ல கலவை. கொஞ்ச நேரத்தில் என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், அவன் பெயர். உள்ளே சிக்னல் கிடைக்கும் என்று நான் எண்ணவில்லை. ஊற்றும் வேலை நடக்கும்போது நான் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. என் மனைவியின் அழைப்பைக்கூட எடுத்ததில்லை, அவளுக்கும் தெரியும். ஆகவே எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. அவன் அக்காவைக் கூப்பிடவில்லை என்பதைப் பிற்பாடு நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். என்னையேதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். நான் பக்கத்தில் இருக்கிறேன், மூடி தவறிப்போய் விழுந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

மேஸ்திரி தரையில் காதை வைத்தார். "சார், என்னமோ தட்டுற மாதிரி கேக்குது. ஒரு நிமிஷம் நிறுத்திப் பாக்கலாமா?"

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். என் விரல்கள் விசிலின்மேல்தான் இருந்தன. அதை உண்மையாகவே சொல்கிறேன்.

"பழைய தொட்டியில காத்து வெளியேறும்போது இப்படிச் சத்தம் வரும்" என்றேன். வரும். எந்த இஞ்சினியரிடமும் கேட்டுப்பாருங்கள்.

மேஸ்திரி எழுந்து நின்றார். அவர் கையைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அவர் சொன்னால் நிற்காது என்று அவருக்குத் தெரியும், அதை அவருக்குப் பழக்கியது நான். கொஞ்ச நேரத்தில் பையில் அதிர்வது நின்றது. தட்டும் சத்தம் அதற்குப் பிறகும் சிறிது நேரம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தேன். மனைவி, "சின்னவன் போன எடுக்கல, உங்ககூட வரலியா?" என்று கேட்டாள். "என்கூட வரல" என்றேன்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கடைசியாக நான் எழுந்து, "இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்றேன். குரல் தடுமாறவில்லை. வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியது.

டீச்சர் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? சின்னவரு உங்க மச்சான்தானே?"

அறையில் யாருமே திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

"இந்தச் சைட்டுக்கு வந்த மொத நாளே எங்ககிட்ட சொல்லிட்டாரே" என்று அவர் தொடர்ந்தார். "'நான் நடுவரோட மச்சான், அதனால எங்கிட்ட யாரும் சலுகை கேக்காதீங்க, அவருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நாங்க எல்லாரும் பேசி, இருந்துட்டுப் போகட்டும்னு முடிவு பண்ணிட்டோம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். சொல்லிட்டா சரிதானே சார், அதுக்குத்தானே இந்த விதி?"

"அப்படி ஒருத்தர் இப்ப இங்க இல்லம்மா" என்றேன்.

வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சேச்சே, சின்னப் பையன் சார், அடிச்சு விரட்டாதீங்க" என்றார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போனோம். அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். டீச்சர் அம்மா விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

அவனைக் காணோம் என்று என் மனைவி உங்களிடம் புகார் கொடுத்தபோது நீங்கள் என்னை விசாரித்தீர்கள். கடைசியாக எங்கே பார்த்தேன் என்றீர்கள். சனிக்கிழமை, சைட்டில் என்றேன். எப்போது வெளியே போனான் என்றீர்கள். நான் பார்த்தவரை வாசல் வழியாக வெளியே போகவில்லை என்றேன். பின்வாசல் உண்டா என்றீர்கள். உண்டு என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒன்றையும் நான் மறைக்கவில்லை, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அந்த நாட்களில் அவள் சாப்பிடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது.

பிறகு நடந்ததும் என் விதிப்படிதான். கலவை இறுகியதும் ஓரிடத்தில் துளை போட்டு, உள்ளேயிருந்து உருளையாக ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தரம் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் என்பதை வீடு வாங்கியவர்களின் பிரதிநிதிதான் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. டீச்சர் அம்மா குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து போய், தகரக் கொட்டகையின் உள்ளே நின்றார்.

"இங்க போடுங்க" என்று குடை நுனியால் தட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரும் பாக்காத மூலையிலதான் ஏமாத்துவாங்கன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டிருப்பார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் சொல்லவில்லை. சொன்னால் அது தலையீடு. இதை நீங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். எனக்காக ஒரு விதியையும் நான் வளைக்கவில்லை.

துளைக்கருவி இறங்கியது. சாம்பல் நிற உருளை நல்ல இறுக்கமாக, ஓட்டை உடைசல் இல்லாமல் மேலே வந்தது. அடுத்த துண்டில் நீலத் துணி இருந்தது. துணியோடு வேறும் இருந்தது. மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கருவியை ஓட்டியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. நான் விசிலை எடுத்து ஊதினேன். கருவி உடனே நின்றது. விதியை எல்லோரும் நன்றாகவே மனத்தில் வைத்திருந்தார்கள். அந்தச் சைட்டில் நான் ஊதிய முதல் விசில் அதுதான். அதற்குப் பிறகு உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான்.

ஆகவே, என் மனைவியின் தம்பியை உயிரோடு தொட்டிக்குள் வைத்து மூடி, கலவை ஊற்றச் சொன்னவன் நான். மேஸ்திரிக்கோ மற்ற யாருக்குமோ இதில் பங்கில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி என்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள் என்று காவலர் இப்போதுதான் சொன்னார். ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். இதை எழுதி முடிக்கும்வரை அவளை உள்ளே விட வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் வாக்குமூலம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். எழுதி முடித்த பிறகும் அவசரம் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. உங்கள் தாளின் மேலே, 'இறந்தவருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் பொய் எழுதுகிறவன் இல்லை.